கல்லடிப் பாட்டு: குரல்நாண் இல்லாத மீன் எப்படிச் சத்தமிடும்?

வாவிக்கரை: மட்டக்களப்பு வாவியின் கல்லடிப் பாலத்தடியில் கேட்கும் பாட்டு மீனின் ஒலியென்றால், அது உண்டாவது எப்படி?

நரம்பியல் மாணவி: அண்ணன், பாடுவது மீனா, ஊரி என்ற நத்தையா என்ற வாதம் பழையது. ஆனால் மீன் ஒலியின் பொறிமுறை அமெரிக்கப் பசிபிக் கரையின் மிட்ஷிப்மன் மீனில் தெளிவாகத் தெரியும். பின்மூளையும் முண்ணாணும் (முதுகுத்தண்டு நரம்புவடம்) சேருமிடத்து, தசையை இயக்கும் நரம்புக்கலங்கள் செக்கனுக்குச் சுமார் 100 தடவை ஒன்றாகத் துடிக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் மீனின் உடலுக்குள் இருக்கும் காற்றுப்பையின் தசை ஒருமுறை சுருங்கும். விளைவு, 100 ஹேர்ட்ஸ் முழக்கம். அழகான ஏற்பாடு!

தோணிக்காரன்: பதிவுசெய்தால் நீரின் வெப்பநிலையையும் குறியுங்கள். சூடேறினால் சுருதியும் ஏறும்.

ஊரி: கேட்க, காற்றடங்கிய நிலவிரவில் எஞ்சினை நிறுத்தித் துடுப்பை நீரில் இறக்கி, பிடியைக் காதோடு வையுங்கள். நீரொலி பெரும்பாலும் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும், மரம்தான் கடத்தும்.