வானத்துலேந்து கல்லு வந்தா தடுக்க நெஜமாவே ஏற்பாடு இருக்கா?

ஆர்கே நகர் பையன்:
2029ல அபோஃபிஸ்னு ஒரு கல்லு வருதாமே. எங்க தெரு சித்தப்பா ஒருத்தர் மிசைல் வுட்டு ஒடச்சிருவாங்கடான்றாரு, டீக்கடைல பாதிப்பேரு ஆமான்றான். உண்மையில இன்னா ரெடியா வெச்சிருக்காங்கோ? தெரிஞ்சவங்க சொல்லுங்க, வீடியோ லிங்க் மட்டும் போட்டுட்டு போவாதீங்க.

திருவொற்றியூர் வாத்தி:
அபோஃபிஸ் இடிக்காது தம்பி. இன்னும் 100 வருஷத்துக்காவது பயமில்லன்னு 2021லயே நாசா சொல்லிருச்சு. சுமார் 32,000 கிலோமீட்டர்ல தாண்டிப் போவும், டிஷ் டிவி சேட்டிலைட்டுங்க சுத்தறது 36,000ல, பாத்துக்கோ. நம்ம டைமுக்கு சித்திர ஒண்ணு விடிகாலை 3 மணி வாக்குல.
ஒடைக்கறதெல்லாம் கடைசி வழி, துண்டு துண்டா நம்ம மேலயே வந்தா? தள்ளி வுடறதுதான் பிளான். 2022 செப்டம்பர்ல டார்ட்னு அரை டன்னுக்கு மேல வெயிட்டு உள்ள கலத்த நொடிக்கு 6 கிலோமீட்டர் வேகத்துல டைமார்ஃபஸ்ன்ற 160 மீட்டர் கல்லு மேல வேணும்னே மோதவுட்டாங்க, அது பக்கத்துல இருக்கற பெரிய கல்ல ஒரு ரவுண்டு வர 11 மணி 55 நிமிஷம் எடுத்துக்கினு இருந்துச்சு, மோதுனப்புறம் அதுல 32 நிமிஷம் கொறைஞ்சிருச்சு. மோதுன கலத்தவிட அங்கேந்து பீச்சி அடிச்ச கல்லும் தூசியும்தான் அதிகமா தள்ளுச்சாம். வேகம் மாறுனது நொடிக்கு 3 மில்லிமீட்டர் கூட இல்ல! ஆனா நம்மள நோக்கி வர்ற கல்ல பத்து வருஷம் முன்னாடியே அப்டி தட்டிட்டா சேந்து சேந்து ஆயிரக்கணக்குல கிலோமீட்டர் வெலகிரும்.

காசிமேடு காத்து:
வாத்யாரே, கண்ணுல பட்டாதான தட்டுவீங்க? 2024 ஒய்ஆர்4னு ஒரு கல்லு ஞாபகம் இருக்கா, 60 மீட்டர் சைஸ், அது பூமிகிட்ட வந்து தாண்டிப் போனப்புறம்தான் கண்டுபுடிச்சாங்க. 2032ல இடிக்க 3 சதவீதம் சான்ஸுன்னு ஏறி, இந்தியாவும் அந்த லைன்ல இருந்து, அப்புறம் நல்லவேளை இல்லன்னு ஆச்சு. சூரியன் பக்கத்துலேந்து வர்றது தரைல இருக்கற டெலஸ்கோப்புக்கு சுத்தமா தெரியாது, 2013ல ரஷ்யாவுல செல்யாபின்ஸ்க் மேல வெடிச்சது அப்டி வந்ததுதான். நாசா நியோ சர்வேயர்னு வெப்பத்த வெச்சு கண்டுபுடிக்கற ஒரு விண்வெளி டெலஸ்கோப் கட்டுது, என்ன கேட்டா காச மொதல்ல அதுல போடணும்.

ஆர்கே நகர் பையன்:
அண்ணே அந்த மாரி மணலி எண்ணூர் பக்கம் வெடிச்சா? இங்க பாத்த எடமெல்லாம் எண்ணெய், கேஸ் டேங்கா நிக்குது.

காசிமேடு காத்து:
டேங்க் மேட்டர் கம்பெனிக்காரன் பாக்கணும், அத நீயும் நானும் ஒண்ணும் பண்ண முடியாது. செல்யாபின்ஸ்க்ல வெறும் 20 மீட்டர் கல்லுதான், ஆனா 1,500 பேருக்கு அடி, முக்கால்வாசி கண்ணாடி கிழிச்சது. வெளிச்சத்த பாத்து இன்னாடான்னு ஜன்னல்கிட்ட போய் நின்னிருக்காங்க, ஒரு நிமிஷத்துக்கு மேல கழிச்சு அதிர்ச்சி அலை வந்து கண்ணாடிய நொறுக்கிருச்சு. அதனால பளிச்னு அடிச்சா வேடிக்க பாக்காத, உள்ளாற போயி குனிஞ்சுக்க.

திருவொற்றியூர் வாத்தி:
கரெக்ட். செல்லுக்கு அலாரம் அடிச்சு டெஸ்ட் மெசேஜ் அனுப்பறாங்கல்ல, புதுசா சைரன்லாம் வாங்காம அதுலயே இந்த கல்லு எச்சரிக்கையையும் சேத்தா போதும்.