பின் ஹேட்ச்சுக்குள்ள தண்ணீர் ஏறுது – சனிக்கிழமை கிளம்பணும், அவசரம்

கரைதேடி
வணக்கம். என் கயாக்ல (துடுப்புப் படகு) பின் ஹேட்ச்சுக்குள்ள, அதான் பின்பக்கம் மூடி போட்ட சாமான் அறைக்குள்ள, தண்ணீர் ஏறுது. மூடி புதுசா வாங்கி மாத்தியும் ஏறுது. சனிக்கிழமை விடியக்காலை குழுவோட மூணு நாள் பயணம். ஸ்லீப்பிங் பேக், மாத்துத்துணி எல்லாம் அந்த ஹேட்ச்லதான் போகும். மூடியைச் சுத்தி சிலிக்கான் பூசிட்டா நிக்குமா? தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

உப்புக்கை
எந்த மாதிரிப் படகு? ஃபைபரா, பிளாஸ்டிக்கா? எவ்வளவு தண்ணீர்? துணியால ஒத்தி எடுக்கிற அளவா, கவிழ்த்துக் கொட்டுற அளவா? கவிழ்ந்து உருண்டு பழகும்போது மட்டும் ஏறுதா, நேரா போனாலே ஏறுதா? ஸ்கெக் (வாலுக்கு அடியில இறக்கி ஏத்துற தகடு) இருக்கா, சுக்கானா? இதெல்லாம் சொல்லாம கேட்டா ஜோசியம்தான் சொல்ல முடியும்.

ரப்பர்மூடி
மூடிதான், சந்தேகமே வேண்டாம். புது மூடின்னு சொல்றீங்க, சரி. விளிம்பைப் பார்த்தீங்களா? மூடியைக் கழட்டிட்டு விளிம்பை ஆள்காட்டி விரலால மெதுவா ஒரு சுத்து தடவிப் பாருங்க. ஒரு மணல் பொடி போதும். உலர்பையோட (தண்ணி புகாத பை) வார் நுனி, தலைமுடி, கூடாரக் கயிறு, எது மாட்டியிருந்தாலும் ஒவ்வொரு அலை டெக் மேல, அதாவது படகோட மேல்தட்டு மேல, ஏறும்போதும் கொஞ்சம் கொஞ்சமா உள்ள போகும். புது ரப்பர் விறைப்பா வேற இருக்கும். நடுவுல அழுத்தி மூடக்கூடாது. ஒரு பக்கத்தை மாட்டிட்டு, எதிர்ப்பக்கத்தைக் கட்டைவிரலால இழுத்து இழுத்து உட்கார வைக்கணும். முடிச்சதும் நடுவுல உள்ளங்கையால தட்டினா, உள்ள காத்து அடைஞ்சிருக்கிற சத்தம் கேக்கணும்.

பழங்கடல்
இதே கேள்வி இங்கே எத்தனை முறை வந்திருக்கிறது என்று தேடிப் பார்க்கும் பொறுமைகூட இல்லாதவர், மூன்று நாள் கடலில் என்ன செய்வார் என்று தெரியவில்லை. சொந்தப் படகில் தண்ணீர் எங்கே நுழைகிறது என்று தெரியாமல் குழுவோடு கிளம்புவது மற்றவர்கள் தலையில் பாரத்தை ஏற்றுவது. சிலிக்கானைத் தொடவே தொடாதீர்கள். ஒருமுறை பூசினால் அதன் பிசுக்கு ஃபைபரில் தங்கிவிடும். பிறகு எபாக்ஸிப் பசையோ ஜெல்கோட் மேற்பூச்சோ அந்த இடத்தில் ஒட்டவே ஒட்டாது. இதையும் பலமுறை சொல்லி அலுத்துவிட்டது.

கரைதேடி
ஃபைபர். ரெண்டு மூணு லிட்டர் இருக்கும். சில நாள் ஒண்ணுமே இருக்காது. உருளுறது எல்லாம் இல்லை, சும்மா போனதுதான். விளிம்பு சுத்தமா இருக்கு ரப்பர்மூடி அண்ணா, பார்த்துட்டேன்.

நூல்துளை
காக்பிட்டுக்கும் (நாம உட்கார்ற குழி) பின் ஹேட்ச்சுக்கும் நடுவுல இருக்கிற பல்க்ஹெட்ல, அந்தத் தடுப்புச் சுவர்ல, ஊசி நுழையற மாதிரி ஒரு குட்டித் துளை இருக்கான்னு பாருங்க. பல படகுகள்ல தயாரிக்கிறவங்களே போட்டு விடுவாங்க. காரணம் இருக்கு. படகு வெயில்ல மணல் மேல கிடக்கும்போது ஹேட்ச்சுக்குள்ள காத்து சூடாகி விரியும். அதைக் கொண்டுபோய்க் குளிர்ந்த தண்ணியில இறக்கினா காத்து சுருங்கும். துளை இல்லைன்னா, மூடி ஓரத்துல எங்க இடுக்கு கிடைக்குதோ அங்கிருந்து தண்ணியை உறிஞ்சிடும். கரையில மூடி உப்பி நிக்கறதும், தண்ணியில இறங்கினதும் குழியறதும் இதனாலதான். உங்க படகுல அந்தத் துளை உப்பாலயோ அழுக்காலயோ அடைச்சிருக்கும். குண்டூசியால குத்தி விடுங்க, சரியாயிடும்.

ரப்பர்மூடி
அப்போ நீங்களும் மூடி வழியாதான் தண்ணி போகுதுன்னு ஒத்துக்கறீங்க.

நூல்துளை
மூடி வழியா போகலாம், ஆனா குத்தம் மூடியோடது இல்லை. அதைத்தான் சொல்றேன். அந்தத் துளை தேவைக்கு மேல பெருசா இருந்தாலும் வம்புதான். காக்பிட்ல தேங்கின தண்ணி அது வழியா பின்னாடி கசியும்.

உப்புக்கை
ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க. கரைதேடி, “சில நாள் ஒண்ணுமே இருக்காது”ன்னு எழுதியிருக்கீங்க. எனக்கு அதுதான் வேணும். எந்த நாள் காஞ்சிருந்தது, எந்த நாள் நனைஞ்சது? அலை வித்தியாசமா? சாமான் ஏத்தினதா, காலிப் படகா? ஸ்கெக் கேள்விக்கும் இன்னும் பதில் வரலை.

ஈரப்பை
டெக் கயிறு பிடிச்சிருக்கிற போல்ட்டுகளையும் பார்க்கச் சொல்லுங்க. உள்ள கையை விட்டு நட்டு ஒவ்வொண்ணையும் திருகிப் பார்த்தா ஆடுறது எதுன்னு தெரிஞ்சுடும். அஞ்சு நிமிஷ வேலை.

கரைதேடி
ஸ்கெக் இருக்கு, சொன்னேனே. யோசிச்சா பகல்ல சும்மா போயிட்டு வந்தப்போ எல்லாம் காஞ்சுதான் இருந்தது. கூடாரம், குடிதண்ணி எல்லாம் ஏத்திட்டு ராத்தங்கல் போனப்பதான் நனைஞ்சது. ரெண்டுலயும் கடல் அமைதிதான். போல்ட் எல்லாம் இறுக்கமா இருக்கு.

உப்புக்கை
ஸ்கெக் இருக்குன்னு இப்பதான் சொல்றீங்க :) போகட்டும்.

மூடி ஒழுகினா அலை நாள்ல ஏறணும், அமைதியான நாள்ல காயணும். உங்களுக்கு அப்படி இல்லை. பாரம் ஏத்தினா ஏறுது, காலியா போனா இல்லை. அப்போ காலிப் படகுல நீர்மட்டத்துக்கு மேல இருந்து, சாமான் ஏத்தினதும் நீர்மட்டத்துக்குக் கீழ போற இடம் எதுன்னு தேடணும். உங்க படகுல அப்படி ஒரே இடம்தான் எனக்குத் தோணுது. ஸ்கெக் பெட்டியோட உச்சியில, கேபிள் வர்ற பிளாஸ்டிக் ட்யூப் வந்து சேர்ற மூட்டு. அந்தப் பெட்டி ஹேட்ச்சுக்குள்ளதான் நிக்குது, அடியில கடலுக்குத் திறந்திருக்கு. பெட்டிக்குள்ள தண்ணி எப்பவும் வெளிக்கடல் மட்டத்துக்கு நிக்கும். பாரம் ஏறினா அந்த மட்டம் மூட்டைத் தொடும். கூடாரக் கம்பியோ உணவு டப்பாவோ அடிக்கடி இடிச்சா மூட்டு தளர்றது சகஜம்.

சுக்கான்சாமி
ஸ்கெக்னு ஒண்ணு எதுக்கு? படகுக்கு நடுவுல ஒரு ஓட்டை போட்டு, அதுக்கு மேல பெட்டி கட்டி, ஹேட்ச்ல பாதி இடத்தை அடைச்சு, கடைசியில அந்தப் பெட்டியே ஒழுகுது. கூழாங்கல் கரையில இருந்து இறங்கினா ஒரு கல்லு மாட்டிக்கும். தெரியாம ஸ்லைடரை (ஸ்கெக்கை ஏத்தி இறக்குற கைப்பிடி) தள்ளினா கேபிள் மடங்கிடும், அதோட பயணம் காலி. சுக்கான் வெளியில இருக்கு, கெட்டாலும் கண்ணுக்குத் தெரியும்.

பழங்கடல்
சுக்கான் என்பது படகைச் சாய்த்துத் திருப்பத் தெரியாதவர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊன்றுகோல்.

சுக்கான்சாமி
வந்துட்டாரு. பக்கக்காத்துல நாலு மணி நேரம் ஒரே பக்கம் இடுப்பைச் சாய்ச்சுக்கிட்டே போயிட்டு, சாயங்காலம் முதுகு பிடிச்சுக்கிச்சுன்னு புலம்புறவங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன்.

பழங்கடல்
அதற்குத்தான் ஸ்கெக். ஓடுகிற படகின் மூக்கு முன்னால் இருக்கும் தண்ணீரில் அழுந்திப் பிடிபட்டிருக்கும். வாலுக்கு அந்தப் பிடி இல்லை. காற்று வாலைத் தள்ளும், மூக்கு காற்றை நோக்கித் திரும்பும். ஸ்கெக்கைக் கொஞ்சம் இறக்கினால் வாலுக்கும் பிடி கிடைக்கும். முழுதாக இறக்கினால் மூக்கு காற்று போகிற பக்கமே விலகும். இடையில் எங்கே நிறுத்துவது என்பது கைப்பழக்கம். சுக்கானுக்காக மிதிகட்டை முன்னும் பின்னும் நகர்கிற படகில் காலை எதன் மீது ஊன்றுவீர்கள்? கால் ஊன்றாமல் இடுப்பு திரும்பாது. இடுப்பு திரும்பாத துடுப்பு வீச்சு தோளைத்தான் தின்னும்.

சுக்கான்சாமி
அந்தக் காலத்து மிதிகட்டை அது. இப்ப மிதிகட்டை அசையாம நிக்கும், நுனிவிரலால மேல் பாகத்தை மட்டும் அழுத்தினா போதும். நீங்க கடைசியா சுக்கான் வெச்ச படகுல உட்கார்ந்தது எப்பன்னு தெரியலை.

நூல்துளை
பின்னாலிருந்து வர்ற அலையில உச்சிக்கு ஏறும்போது சுக்கான் தண்ணியை விட்டே வெளிய வந்துடுதே, அதுக்கு என்ன சொல்றீங்க? எப்பத் தேவையோ அப்ப காத்துல ஆடிட்டிருக்கு. கவிழ்ந்தவர் வால் பக்கமா ஏற வந்தா அந்தத் தகடு முகத்துலயே வேற இடிக்கும்.

சுக்கான்சாமி
தூரம் போறவங்களைக் கேட்டுப் பாருங்க. ஆஸ்திரேலியாவைச் சுத்தினவங்க...

ஈரப்பை
ஆஸ்திரேலியா வந்தாச்சு, இனி இந்த விவாத இழை உருப்பட்ட மாதிரிதான். பால் காஃபின் 1982ல 360 நாள்ல கயாக்லயே சுத்தி முடிச்சார். 2009ல ஃப்ரேயா ஹாஃப்மைஸ்டர் 332 நாள்ல முடிச்சாங்க. அவங்களுக்கு எந்தப் படகைக் கொடுத்திருந்தாலும் சுத்தியிருப்பாங்க. இங்க ஒருத்தருக்கு ஸ்லீப்பிங் பேக் நனையுது, அதைப் பார்ப்போமா?

கரைதேடி, பழுது பாருங்க, ஆனா அதை மட்டும் நம்பிப் போகாதீங்க. பின் ஹேட்ச்சைக் கடல்ல தனியா திறக்கவே கூடாது. கை எட்டாது, எட்டினாலும் திரும்புற வேகத்துல கவிழ்ந்துடுவீங்க. தண்ணி ஏறின மாதிரி வால் கனத்தா, பக்கத்துப் படகைக் கூப்பிட்டு ரெண்டு படகையும் ஒட்டி நிறுத்துங்க. மூணாவது ஆள் வந்து மூடியைத் திறந்து பம்ப் போடட்டும். அலை பெருசா இருந்தா அதையும் செய்யாதீங்க, கரைக்குப் போயிடுங்க. பத்து லிட்டர் ஏறினாலே பத்து கிலோ, அதுவும் ஒவ்வொரு அலைக்கும் இங்கயும் அங்கயும் ஓடுற பத்து கிலோ. ஹேட்ச் முழுக்க நிறைஞ்சா வால் அமுங்கி மூக்கு வானத்தைப் பார்த்து நிக்கும். அந்தப் படகை யாராலயும் சுலபமா மீட்க முடியாது.

சாமான் போக மிச்ச இடத்துல காத்து அடைச்ச பையைத் திணிங்க. இடமே இல்லைன்னா எவ்வளவு தண்ணிதான் ஏறும்? ஸ்லீப்பிங் பேக்குக்கு ரெண்டு உலர்பை, ஒண்ணுக்குள்ள ஒண்ணு. முக்கியமா, கிளம்புறதுக்கு முன்னாடி குழுவுல எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. கேலி பண்ணுவாங்கன்னு மறைச்சிடாதீங்க. சொல்லி வெச்சா உங்க வால் தாழுதான்னு பின்னாடி வர்றவர் ஒரு கண் வெச்சிருப்பார். உட்கார்ந்திருக்கிற நமக்கு அது தெரியவே தெரியாது.

உப்புக்கை
ஈரப்பை அக்கா சொன்னது அத்தனையும் சரி. இப்ப சோதனை, கரையிலயே பார்த்துடலாம்.

படகைத் தலைகீழா கவிழ்த்து ரெண்டு ஸ்டாண்டு மேல வைங்க. பின் ஹேட்ச் மூடி திறந்திருக்கட்டும். ஸ்கெக்கை ஒரு ஓரமா கையால இழுத்து விட்டுட்டு அந்த இடுக்குல மக்கால தண்ணி ஊத்தி நிரப்புங்க. தலைகீழா இருக்கிறதால பெட்டியோட உச்சி இப்ப அடியில இருக்கும், தண்ணி நேரா மூட்டுல போய் நிக்கும். ஊத்துறதுக்கு முன்னாடியே ஹேட்ச்சுக்குள்ள கையை விட்டு, மூட்டைச் சுத்தி காஞ்ச டிஷ்யூ பேப்பரைச் சுத்தி வெச்சிடுங்க. டார்ச் அடிச்சுப் பாருங்க. ஒழுகினா பேப்பர் ஒரு பக்கமா கருக்க ஆரம்பிக்கும், எந்தப் பக்கம்னுகூடத் தெரியும். காக்பிட் பக்கத்துல ஸ்லைடர் வழியா கொஞ்சம் சொட்டினா பயப்படாதீங்க. ட்யூபுக்குள்ள போன தண்ணி அங்கதான் வெளிய வரும்.

மூட்டுதான்னு தெரிஞ்சா ட்யூபைக் கழட்டி, ரெண்டு பக்கமும் பொடி எமரித்தாள் போட்டு, ஸ்பிரிட்டால துடைச்சு, பாலியூரித்தேன் சீலன்ட் வெச்சு மாட்டி, துருப்பிடிக்காத கிளிப் ஒண்ணு போடுங்க. ரொம்ப இறுக்கினா ட்யூப் நசுங்கி கேபிள் பிடிச்சுக்கும். கைவிட்டதும் ஸ்கெக் லேசா ஓடுதான்னு பார்த்துட்டே இறுக்குங்க. ஒரு முழு நாளாவது காயணும், அதனால இன்னைக்கே பண்ணுங்க.

பழங்கடல்
தலைகீழ்ச் சோதனையை நான் பழைய இழை ஒன்றில் விளக்கமாக எழுதியிருக்கிறேன். படிக்கத்தான் ஆளில்லை. ஸ்கெக் தகட்டின் பின்மூலையில் ஒரு துளை போட்டு ஒரு சாண் கயிறு கட்டி விடுங்கள். கல் மாட்டினால் பக்கத்துப் படகுக்காரர் அதைப் பிடித்து இழுத்துவிடலாம். ஸ்லைடரைத் தள்ளிக் கேபிளை மடக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

சுக்கான்சாமி
பாருங்க, ஸ்கெக் வேலை செய்யவே பக்கத்துல ஒரு ஆள் வேணும்.

நூல்துளை
குழுவா போறதே அதுக்குத்தானே சாமி. உங்க சுக்கான் கயிறு அறுந்த அன்னைக்கு யார் கட்டி இழுத்துட்டு வந்தது?

சுக்கான்சாமி
அது வேற கதை.

கரைதேடி
ட்யூப் மூட்டுதான். கிளிப்பே இல்லை, வெறும் பசை, தொட்டதும் கையோட வந்துடுச்சு. ஒட்டி கிளிப் போட்டாச்சு. இன்னைக்குத் திரும்ப ஊத்திப் பார்த்தேன், பேப்பர் காஞ்சே இருக்கு. குழுவுல சொல்லிட்டேன். எல்லாருக்கும் நன்றி, மூட்டை கட்டணும், வரேன்.

ரப்பர்மூடி
நல்லது தம்பி. ஆனா அந்தப் பழைய மூடியைத் தூக்கிப் போட்டுடாதீங்க, அதுல ஒண்ணும் குறை இருந்திருக்காது.

நூல்துளை
இதை நீங்களே சொல்றீங்களா!

தனிப்படகு
மன்னிக்கணும், நடுவுல வரேன். எனக்கும் இதே தொல்லைதான், பாரம் ஏத்தினா பின் ஹேட்ச் நனையுது. ஆனா என் படகு பிளாஸ்டிக், அதுல பாலியூரித்தேன் ஒட்டுமா? கிளிப் எந்த அளவு போட்டீங்க கரைதேடி?

உப்புக்கை
அவர் இப்ப கடல்ல இருப்பார். உங்க படகுல ஸ்கெக்கா, சுக்கானா? முதல்ல அதைச் சொல்லுங்க.