மறு: மறு: 'க்ரெஸ்ட்' – சூட்டா, கொண்டையா?

நண்பர்களுக்கு வணக்கம். இங்கிலாந்துக் குலச்சின்னங்களைப் பற்றிய கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். 'க்ரெஸ்ட்' வந்த இடமெல்லாம் 'சின்னம்' என்று போட்டுவிட்டேன். தப்பு. கேடயம், தாங்கி நிற்கும் விலங்குகள் எல்லாம் சேர்ந்த முழுமை வேறு. தலைக்கவசத்தின் உச்சியில் நிற்கும் உருவம் மட்டும்தான் க்ரெஸ்ட். அரச சின்னத்தில் கிரீடத்தின்மேல் நிற்கிறதே சிங்கம், அது. ஒரு சொல் தாருங்கள்.

-----
தம்பி, சொல் கையிலேயே இருக்கிறது: சூட்டு. இலத்தீனில் 'கிறிஸ்தா' என்றால் சேவலின் கொண்டை. ரோமானியர் தலைக்கவசத்தில் செருகிய இறகுக் குஞ்சத்துக்கும் அதே பெயர். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. நமக்கும் சேவற்கொண்டை சூட்டு, நெற்றியில் அணியும் மாலையும் சூட்டு. வண்டிச் சக்கரத்தின் விளிம்பையும் சூட்டு என்பார்கள். சக்கரம் அதைச் சூடிக்கொள்வதால் என்பது என் துணிபு.

-----
> சொல் கையிலேயே இருக்கிறது

படிப்பவர் வாயில் இருக்கிறதா ஐயா? 'சிங்கச் சூட்டு' என்றால் சிங்கத்துக்குக் காய்ச்சல் என்றுதான் நினைப்பார்கள். கொண்டை என்றால் மல்லிகைப்பூ எங்கே என்பார்கள். 'உச்சிச் சின்னம்' போதும்.

-----
சின்னம் வடசொல்.

-----
தேர்தலில் அதைப் பார்த்துத்தானே குத்துகிறோம்?

-----
அப்புறம் சண்டை போடலாம். உருவத்துக்கும் கவசத்துக்கும் இடையில் முறுக்கிய துணி வளையம் ஒன்று வரும், இரு நிறம் மாறி மாறி, வழக்கமாக ஆறு முறுக்கு. அதற்கு என்ன?

-----
சும்மாடு!

-----
சும்மாடு. குடம் தூக்கியவர்களுக்கு விளக்கமே வேண்டாம். (யாரும் கேட்காத சொல்லுக்கு இரண்டு நிமிடத்தில் விடை. நம் குழு இப்படித்தான்.)

-----
ஒன்றை மறக்கிறீர்கள். ஆங்கில மரபில் பெண்களுக்குப் பொதுவாக க்ரெஸ்ட் கிடையாது. தலைக்கவசமே இல்லையே, எதன்மேல் வைப்பது? அந்தக் காரணம் சொல்லிலேயே தெரிய வேண்டும். வெறும் உச்சி என்றால் எதன் உச்சி? 'கவசச் சூட்டு' என்று வையுங்கள், காய்ச்சல் சந்தேகமும் குறையும்.

-----
சரி அக்கா, எனக்கும் களைத்துவிட்டது. ஆட்சேபமில்லை.

-----
'கவசம்' மட்டும் எந்த ஊர்ச் சொல்லாம்?

-----
கவசச் சூட்டு என்றே போட்டு அனுப்பிவிட்டேன், முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் க்ரெஸ்ட் என்றும். சும்மாடும் சேர்ந்தது. அனைவருக்கும் நன்றி.

-----
மகிழ்ச்சி, தம்பி. ஆனால் சக்கர விளிம்பைப் பற்றி நான் எழுதியதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.