ஆனந்த் பட்வர்தனின் கேமராவால் யாருக்கு என்ன கிடைத்தது?

திண்ணை ராசு:
நேற்று ராத்திரி உட்கார்ந்து, ஆவணப்பட இயக்குநர் ஆனந்த் பட்வர்தனின் 'ஜெய் பீம் காம்ரேட்' பார்த்து முடித்தேன். 14 வருட உழைப்பு, தெரிகிறது. ஆனால் இத்தனை காலம் ஏழைகளைப் படம் பிடித்ததில் அவருக்கு விருது கிடைத்தது. குடிசைக்காரருக்கு?

குறுக்குச்சந்து:
இதை அவர் படத்திலேயே ஒரு பெண் கேட்டுவிட்டார். 1985-இல் வந்த 'ஹமாரா ஷெஹர்', பம்பாய்க் குடிசை இடிப்பு பற்றியது. ஏழைகளைப் படமெடுத்துப் பேர் வாங்கத்தானே வந்தாய் என்று கேமராவைப் பார்த்தே சீறுகிறார். வேறு ஆளாக இருந்தால் எடிட்டிங்கில் தூக்கியிருப்பார். இவர் வைத்திருக்கிறார்.

திண்ணை ராசு:
வைத்தால் ஆச்சா? வாங்கிய திட்டையும் காட்சியாக்கிக்கொண்டார், அவ்வளவுதான்.

குறுக்குச்சந்து:
1986-இல் பம்பாயின் சஞ்சய் காந்தி நகர்க் குடிசைகளை இடித்தபோது கேமராவை ஓரமாக வைத்துவிட்டு உண்ணாவிரதம் உட்கார்ந்தார், நடிகை ஷபானா ஆஸ்மியும் கூட இருந்தார். கோரேகாவ் பக்கம் மாற்று இடம் கிடைத்ததே!

திண்ணை ராசு:
அது உண்ணாவிரதத்துக்குக் கிடைத்தது ஐயா. படத்துக்கா கிடைத்தது? நான் கேட்பதே அதைத்தான்.

பழைய ரீல்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். 'ஹமாரா ஷெஹர்' படத்தில் பாடுகிறாரே தலித் பாடகர் விலாஸ் கோக்ரே, அவரை இரண்டு பேருமே விட்டுவிட்டீர்கள். 1997 ஜூலை 11, மும்பை ரமாபாய் நகர். அம்பேத்கர் சிலைக்கு யாரோ செருப்பு மாலை போட, கொதித்து வந்த கூட்டத்தின் மேல் போலீஸ் சுட்டதில் 10 பேர் செத்தார்கள். சில நாளில் கோக்ரே தூக்கில் தொங்கினார், தலையில் தலித் இயக்கத்தின் நிறமான நீலத் துணி கட்டிக்கொண்டு. ராசு சொன்ன அந்த 14 வருடம் தொடங்கியது அங்கேதான். பாடியவனை மறக்காமல் இருந்ததும் ஒரு கணக்குதான், விருதுக் கணக்கு மட்டும் பார்த்தால் எப்படி?

திண்ணை ராசு:
அந்த நீலத் துணிதான் என்னைத் தூங்கவிடவில்லை, அந்தக் கோபத்தில்தான் எழுதினேன். சரி, பார்த்தது யார்? ஏசி அரங்கில் நம்மைப் போன்றவர்கள்தானே?

குறுக்குச்சந்து:
பைகுல்லா பி.ஐ.டி. சால் குடியிருப்பில் திறந்தவெளியில் திரை கட்டிப் போட்டார்கள். ஏசி எங்கே வந்தது?

திண்ணை ராசு:
அது எனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். கேள்வியை வாபஸ் வாங்கவில்லை. அயோத்திப் பிரச்சினை பற்றி அவர் எடுத்த 'ராம் கே நாம்' எங்கே கிடைக்கும்?

பழைய ரீல்:
அவரே யூடியூபில் ஏற்றியிருக்கிறார். அயோத்தி ராமர் கோயில் பூசாரி லால்தாஸ் பேசும் இடத்தை மட்டும் ஓட்டிவிடாதீர்கள். 1993-இல் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.