6, 7, 8ஆம் வகுப்பு: தன் வேகத்தில் செய்து படிக்கும் பெட்டிகள், குமரி மாவட்டத்தில் எது ஓடுகிறது, எது சிக்குகிறது

தக்கலை, கணக்கு

சோதனைப் பொருளும், என்ன செய்வது என்று சொல்லும் அட்டையும் வைத்த பெட்டி கொண்டு வகுப்பு நடத்தும் ஆசிரியர்கள், ஊரும் பாடமும் போட்டு அளவோடு எழுதுங்கள். ‘பிள்ளைகள் ஆர்வமாகச் செய்தார்கள்’ என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. எத்தனை கிராம், எத்தனை நிமிடம், எங்கே மாட்டிக்கொண்டது, அதுதான் வேண்டும்.

முதலில் என் பங்கு. தொடக்கப் பள்ளியில் முன்பு இருந்த செயல்வழிக் கற்றல் அட்டையை (பிள்ளை தானே செய்து படிக்கும் முறை) அப்படியே மேலே கொண்டுவந்தால் எடுபடாது. அங்கே ஒரு அட்டை பத்து நிமிடத்தில் முடிந்தது, இங்கே ஒரு பாடவேளையைத் தின்னும். அட்டையின் முன்பக்கம் ஐந்து வரிக்கு மேல் போகக் கூடாது, ஒரு வரிக்கு ஒரு வேலை. பின்பக்கம்தான் உயிர்: ‘உனக்கு என்ன வந்தது? இப்படி வராவிட்டால் இங்கே பார்’. அது இல்லாவிட்டால் முப்பது பிள்ளைகளும் ‘சார், இது சரியா?’ என்று மேசையைச் சுற்றி வரிசை கட்டுவார்கள். அப்புறம் தன் வேகமாவது ஒன்றாவது, எல்லாம் உங்கள் வேகம்தான்.

பின்னத்துக்குக் காகிதப் பட்டை 24 செ.மீ. நீளத்தில் வெட்டுங்கள். 2, 3, 4, 6, 8, 12 எல்லாம் முழு செ.மீ.யில் வரும், மடித்த கோட்டை ஸ்கேலில் வைத்துப் பிள்ளையே சரிபார்க்கும். ஐந்தில் ஒரு பங்கு வேண்டுமானால் 60 செ.மீ. பட்டை. 30 செ.மீ. ஸ்கேல் நீளத்துக்கே வெட்டினால் எட்டில் ஒன்று 3.75 என்று வந்து நிற்கும், ஆறாம் வகுப்பு அங்கேயே விழும்.

குளச்சல், அறிவியல்

மின்சாரப் பெட்டி. ஒரு சோடிக்கு (இரண்டு பிள்ளைகள்): 3 வோல்ட் பொத்தான் பேட்டரி (சி.ஆர். 2032) ஒன்று, சிவப்பு எல்.இ.டி. இரண்டு, வெள்ளை ஒன்று. வயரே வேண்டாம். எல்.இ.டி.யின் நீளக் காலை பேட்டரியின் கூட்டல் முகத்திலும் குட்டைக் காலை மறு முகத்திலும் வைத்து விரலால் அழுத்தினால் போதும்.

முதல் அட்டை: எரிய வை. எரியாவிட்டால் திருப்பி வை. இது இரண்டு நிமிட வேலை.

இரண்டாவது அட்டையில்தான் யோசனை தொடங்கும். ஒரே பேட்டரியில் சிவப்பையும் வெள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டச் சொல்லுங்கள். சிவப்பு எரியும், வெள்ளை அணைந்துவிடும். ‘வெள்ளை பழுது’ என்றுதான் பிள்ளை முதலில் சொல்லும். பின்பக்கத்தில் ஒரே வரி: ‘சிவப்பைக் கழற்றிப் பார்’. கழற்றியதும் வெள்ளை எரியும். சிவப்புக்கு ஏறத்தாழ 2 வோல்ட் போதும். அது மின்னழுத்தத்தை அந்த மட்டத்துக்கு இழுத்துவிடுகிறது, 3 வோல்ட் பக்கம் கேட்கும் வெள்ளைக்கு மிச்சம் இல்லை. விளக்கத்தை அட்டையில் எழுதாதீர்கள். காரணம் தெரிந்த பிள்ளை அடுத்த சோடிக்குச் சொல்லட்டும்.

சாதாரண 1.5 வோல்ட் பேட்டரி இரண்டு வைத்தால் நடுவே 100 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) கட்டாயம். 9 வோல்ட் என்றால் 470 ஓம். 9 வோல்ட்டை நேரே கொடுத்தால் எல்.இ.டி. ஒரு நொடியில் போய்விடும்.

கடலோரப் பள்ளிகளுக்கு ஒன்று. உப்புக் காற்றில் எல்.இ.டி. காலும் பேட்டரி கிளிப்பும் கறுத்துவிடும், சுற்று சரியாக இருந்தும் எரியாது. பெட்டியில் ஒரு துண்டு மணல்தாள் போட்டு, ‘எரியாவிட்டால் முதலில் தேய்’ என்று மூடியில் ஒட்டுங்கள். பொத்தான் பேட்டரியை மட்டும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். வீட்டிலிருக்கும் சின்னக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

தோவாளை, 7ஆம் வகுப்பு

முட்டை மிதக்கும் சோதனைக்கு ‘உப்பு போடு’ என்று மட்டும் எழுதாதீர்கள். அரை லிட்டர் தண்ணீர், பத்துப் பத்து கிராமாக உப்பு, ஒவ்வொரு முறையும் கலக்கி, முட்டை எங்கே நிற்கிறது என்று குறிக்க வேண்டும். புதிய முட்டை பெரும்பாலும் 50 கிராமுக்கும் 80 கிராமுக்கும் இடையே மேலே வரும். கல்லுப்பும் தூளுப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை நிற்காது, தராசு வையுங்கள். முதலில் வெறும் தண்ணீரில் போட்டுப் பார்க்க வேண்டும். அதிலேயே மிதந்தால் முட்டை பழசு. கடல் தண்ணீர் பாட்டிலில் கொண்டுவந்து போட்டால் முட்டை அடியில்தான் கிடக்கும், லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு போதாது. கடலோரப் பிள்ளைகளுக்கே இது அதிர்ச்சி.

நாகர்கோவில், புவியியல்

நிழல் கோலை (வெயிலில் கோல் நட்டு நிழலை அளக்கும் சோதனை) வெளியூர் அட்டையைப் பார்த்து நகலெடுக்காதீர்கள். நண்பகல் நிழல் எப்போதும் வடக்கே விழும் என்பது வட இந்தியாவின் பெரும்பகுதிக்குச் சரி. நாம் இருப்பது 8 டிகிரி அட்சத்தில், சில மாதம் தெற்கேயும் விழும்.

1 மீட்டர் கோல். உச்சியிலிருந்து நூலில் நட்டு கட்டித் தொங்கவிட்டு நேராக்குங்கள். சிமென்ட் தரை நல்லது. கோலி குண்டை வைத்தால் உருளாத இடமாக இருக்கட்டும். அட்டையின் பின்பக்கத்தில் வைக்க வேண்டிய விடைகள்: ஜூன் 21 வாக்கில் சுமார் 27 செ.மீ., தெற்கே. டிசம்பர் 22 வாக்கில் சுமார் 61 செ.மீ., வடக்கே. மார்ச், செப்டம்பர் சம இரவு நாட்களில் 14 செ.மீ., வடக்கே. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டம்பர் முதல் தேதியை ஒட்டியும் நிழலே இருக்காது.

எல்லாரும் சறுக்குவது நேரத்தில். இங்கே சூரிய நண்பகல் 12.00 இல்லை, சராசரியாக 12.20. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கத்துக்கு வைத்தது, நாம் அதற்கு ஏறத்தாழ 5 டிகிரி மேற்கே. டிகிரிக்கு 4 நிமிடம். நவம்பர் தொடக்கத்தில் 12.04க்கே வந்துவிடும், பிப்ரவரி நடுவில் 12.34 ஆகும்.

இன்னொரு சிக்கல்: நண்பகலை ஒட்டி நிழலின் நீளம் மெதுவாகத்தான் மாறும், எது மிகக் குட்டை என்று கண்ணால் பிடிக்க முடியாது. கோலைச் சுற்றி வட்டம் போடுங்கள். காலையில் நிழல் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி, பிற்பகலில் தொடும் இடத்தில் ஒரு புள்ளி. இரண்டின் நடுப்புள்ளியையும் கோலையும் சேர்த்தால் வடக்கு–தெற்குக் கோடு. பிள்ளை அதைத் திசைகாட்டியோடு ஒப்பிடட்டும். விலகல் அதிகமாக இருந்தால், பக்கத்தில் இரும்புக் கம்பமோ பைக்கோ நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தக்கலை, கணக்கு

நிழல் இல்லாத நாளுக்கு செப்டம்பர் முதல் வாரம் வகுப்பு உண்டே, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் பரீட்சையில் போய்விடும்.

மணவாளக்குறிச்சி, அறிவியல்

காந்தப் பெட்டியில் நம் கரு மணலைப் போடலாமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். சாதாரணக் கறுப்புக் காந்தம் இல்மனைட்டை (அந்த மணலில் உள்ள, இரும்பு கலந்த கனிமம்) சரியாக இழுக்காது, ‘மணலில் இரும்பு இல்லை’ என்று பிள்ளை தப்பாக முடித்துவிடும். தவிர அந்த மணலில் மோனசைட் என்ற கனிமமும் உண்டு, அதில் கதிரியக்கம் உள்ள தோரியம். வகுப்பில் வருடக்கணக்கில் வைத்திருக்கும் பொருள் அல்ல. இரும்புத் தூளே போதும். காந்தத்தைப் பாலித்தீனில் சுற்றிக் கொடுங்கள், இல்லாவிட்டால் ஒட்டிய தூள் கழன்று வராது.

குலசேகரம், 6ஆம் வகுப்பு

மழைமானி பாட்டிலின் அடி மேடுபள்ளமாக இருக்கும். கூழாங்கல்லும் தண்ணீரும் ஊற்றி, சுவர் நேராகும் இடத்தை பூஜ்ஜியமாக்கிய பிறகுதான் ஸ்கேல் ஒட்ட வேண்டும். வெட்டிய மேல்பாகத்தைக் கவிழ்த்து அதே வாயில் பொருத்தினால் மி.மீ. நேரே வாசிக்கலாம். தென்னைக்கும் ரப்பருக்கும் அடியில் வைத்தால் ஓலை சொட்டுவதையும் சேர்த்து அளப்பீர்கள். மரத்தின் உயரத்தில் இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஜூனில் தொடங்கிய அட்டை டிசம்பர் வரை ஓடும்.

தோவாளை, 7ஆம் வகுப்பு

ஒரு கேள்வி. 30 பிள்ளைக்கு எத்தனை பெட்டி?

தக்கலை, கணக்கு

சோடியாக 15. ஆனால் 19 வையுங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் முடிப்பதில்லை. முன்னே முடித்த சோடிக்கு எடுக்கப் பெட்டி இல்லாதபோதுதான் சத்தம் தொடங்கும். 45 நிமிடத்தில் எடுக்க 5, செய்ய 30, திரும்ப அடுக்க 10. அந்தப் பத்தைக் குறைத்தால் அடுத்த வகுப்புக்கு வயர் ஒரு பக்கம், கிளிப் ஒரு பக்கம். மூடியின் உட்புறத்தில் ஒவ்வொரு பொருளின் உருவத்தையும் சுற்றி வரைந்து வைத்தால், எது குறைகிறது என்று பிள்ளைக்கே தெரியும்.

யார் எத்தனையாவது அட்டை என்ற பட்டியலைச் சுவரில் ஒட்டாதீர்கள். பின்தங்கிய பிள்ளை அட்டையைச் செய்யாமலே டிக் போடக் கற்றுக்கொள்ளும். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் போதும். உதவி வேண்டுமானால் மேசையில் சிவப்பு பாட்டில் மூடி, அவ்வளவுதான். மூடியைப் பார்த்ததும் ஓடாதீர்கள். இரண்டு நிமிடம் விட்டால் பாதிப் பேர் தாங்களே எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள்.