மழைக்காலத்தில் வெலிங்டனுக்குக் காய்கறி ஏற்றுவது எப்படி?

கேள்வி: நீலகிரியில் குன்னூர் பக்கம் உள்ள வெலிங்டன் ராணுவ முகாமுக்கு ஒப்பந்தத்தில் காய்கறி போடுகிறேன். கேரட் கேத்தியிலேயே கிடைத்துவிடும், வெங்காயமும் தக்காளியும் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏற வேண்டும். ஐப்பசியில் மலைப்பாதையில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் வண்டி அங்கேயே நின்றுவிடுகிறது, கிடங்கில் இருப்பு எவ்வளவு என்பதும் தெரியாது. என்ன செய்யலாம்?

பதில் 1: சார், நான் ராணுவத்தின் சப்ளை கோரில் இருந்தவன். சோஜிலா கணவாய் பனியில் மூடும் என்பதால் லடாக்குக்குக் குளிர்காலச் சரக்கைக் கோடையிலேயே ஏற்றிவிடுவோம். 2020-இல் இன்னொரு வழியான மணாலி பாதையில் 9.02 கி.மீ. அடல் சுரங்கம் திறந்த பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை. நீங்களும் வெங்காயத்தைப் புரட்டாசியிலேயே ஏற்றி வையுங்கள்.

பதில் 2: இருப்புக் கணக்கை வெளியாளுக்குக் காட்டமாட்டார்கள் அண்ணா. பத்து நாள் தேவையை மட்டும் எழுதி வாங்குங்கள். அப்புறம், பர்லியார் மூடினால் கோத்தகிரி வழி.

கேட்டவர்: சரி, வெங்காயம் ஓகே. தக்காளிதான் தலைவலி, போன தடவை அடிப்பெட்டி எல்லாம் சட்னி.