எக்ஸ்ட்ரடிஷன்: ஒரே வாக்கியத்தில் மூன்று ‘கடத்தல்’

நண்பர்களுக்கு வணக்கம். எக்ஸ்ட்ரடிஷனுக்குக் குழப்பமில்லாத தமிழ்ச் சொல் ஒன்று தேடுகிறேன்.

பனாமாவின் முன்னாள் ஆட்சியாளர் நொரியேகாவின் வழக்கை நம் செய்தி நடையில் எழுதினால் இப்படி வரும்: “போதைப்பொருள் கடத்தல் வழக்கில் சிக்கிய பனாமா ஆட்சியாளர் அமெரிக்காவுக்குக் கடத்தப்பட்டார், 2010இல் பிரான்சுக்கு நாடு கடத்தப்பட்டார்.” முதல் கடத்தல் டிராஃபிக்கிங், இரண்டாவது ஆளைத் தூக்கிப் போனது, மூன்றாவது எக்ஸ்ட்ரடிஷன். டிபோர்ட்டேஷனுக்கும் ‘நாடு கடத்தல்’ என்றே எழுதுகிறோம். சட்டத்துக்கு நான்கும் நான்கு விஷயம்.

போதைப்பொருள் கடத்தலைத் தொட வேண்டாம், ஊறிப்போன சொல். டிபோர்ட்டேஷன் என்பது ஒரு நாடு தன் மண்ணில் இருக்கும் வெளிநாட்டவரைத் தானாகவே அனுப்பிவிடுவது. அதற்கு ‘வெளியேற்றம்’ போதும். எக்ஸ்ட்ரடிஷனில் கேட்கிற நாடு ஒன்று, கொடுக்கிற நாடு ஒன்று, பெரும்பாலும் நடுவில் ஒரு நீதிமன்றம். அதற்குக் ‘குற்றவாளி ஒப்படைப்பு’ என்று முன்மொழிகிறேன்.

——

> குற்றவாளி ஒப்படைப்பு

ஒப்படைப்பு சரி, குற்றவாளி உதைக்கிறது அம்மா. ஹோண்டுராஸ் முன்னாள் அதிபர் ஹுவான் ஒர்லாண்டோ ஹெர்னாண்டஸ் அமெரிக்காவின் போதைப்பொருள் வழக்குக்காக 2022 பிப்ரவரி 15இல் கைதானார். அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒப்புதல் தந்து, ஏப்ரல் 21இல் அமெரிக்காவுக்கு விமானம் ஏற்றினார்கள். நியூயார்க்கில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது 2024 மார்ச் 8இல். இடைப்பட்ட இரண்டு ஆண்டும் அவர் குற்றம் சாட்டப்பட்டவர் மட்டுமே. ஆனால் 2011இல் பனாமா நொரியேகாவைத் திரும்பப் பெற்றபோது, அவர் இல்லாமலே நடந்த வழக்குகளில் அங்கே ஏற்கெனவே தண்டனை விதித்திருந்தார்கள். இரு வகை ஆட்களுக்கும் பொருந்தும் சொல் வேண்டும்.

தனியாக ‘ஒப்படைப்பு’ என்றாலோ வீட்டுச் சாவி ஞாபகம் வருகிறது. ‘ஆளொப்படைப்பு’ எப்படி? ஆள்கடத்தலுக்கு நேர் எதிரே நிற்கிறது. ஆளொப்படைப்புக் கோரிக்கை, ஆளொப்படைப்பு உடன்படிக்கை, ஒப்படைக்கத்தக்க குற்றம் என்று கிளைச்சொற்களும் முறியாமல் வருகின்றன.

போகிறபோக்கில் ஒன்று: சொந்தக் குடிமகனை ஒப்படைக்கக் கூடாது என்றிருந்த ஹோண்டுராஸ் அரசியலமைப்பை, போதைப்பொருள் வழக்குகளுக்காக 2012இல் திருத்தினார்கள். அப்போது நாடாளுமன்றத் தலைவர் இதே ஹெர்னாண்டஸ்!

——

இருவருக்கும் வணக்கம். ஆளொப்படைப்புக்கு என் ஓட்டும். ஆனால் 1990இல் நொரியேகா மயாமி போனதை எதில் சேர்ப்பது?

1988 பிப்ரவரியில் அமெரிக்காவின் மயாமியிலும் டாம்பாவிலும் அவர்மேல் குற்றம் சாட்டினார்கள். பனாமா அரசியலமைப்பின் 24ஆம் பிரிவு சொந்தக் குடிமக்களை ஒப்படைப்பதைத் தடுக்கிறது. ஆக முறைப்படி கேட்கும் வழி அடைபட்டிருந்தது. 1989 டிசம்பர் 20இல் அமெரிக்கப் படை நுழைந்தது. டிசம்பர் 24இல் வாட்டிகன் தூதரகத்துக்குள் புகுந்தவர், சுற்றிலும் படை நிற்க, 1990 ஜனவரி 3இல் வெளியே வந்து சரணடைந்தார். யாரும் யாரையும் ஒப்படைக்கவில்லை, வெளியேற்றவும் இல்லை. ‘கடத்தினார்கள்’ என்றால் சரணடைந்தது மறைந்துவிடும். ‘பிடித்துக் கொணர்வு’ என்று வைத்துக்கொள்வோம்.

இந்தப் பிரிவினை வெறும் சொல் அழகுக்கு இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1886 டிசம்பர் 6 அன்று, ஒரே நாளில், இரண்டு தீர்ப்பு சொன்னது. ராஷர் ஒரு கப்பல் அதிகாரி. பிரிட்டன் அவரைக் கொலைக் குற்றத்துக்காக ஒப்படைத்தது; கொண்டுவந்தபின் மாலுமியைக் கொடுமைப்படுத்தியதாக வேறு வழக்கு நடத்தினார்கள். அது செல்லாது, எந்தக் குற்றத்துக்கு ஒப்படைத்தார்களோ அதற்கு மட்டுமே விசாரணை என்றது நீதிமன்றம். இரண்டாவது வழக்கு கெர். அவரைப் பெரு நாட்டிலிருந்து கொண்டுவரப் போனவரிடம் ஒப்படைப்புக்கான ஆவணங்கள் இருந்தன. அவற்றைப் பெரு அரசிடம் காட்டாமலே ஆளைப் பிடித்துக் கப்பலேற்றிவிட்டார். உடன்படிக்கை வழியாக வராததால் அதன் பாதுகாப்பும் கெருக்கு இல்லை, விசாரணை செல்லும் என்று தீர்ப்பு. 1990 ஜூனில் மயாமி நீதிபதி ஹோவலர் நொரியேகாவின் ஆட்சேபங்களைத் தள்ளியபோதும் இந்தக் கெர் வழித் தீர்ப்புகள் துணைக்கு வந்தன. ராஷர், கெர் இரண்டு வழக்கையும் ‘நாடு கடத்தப்பட்டார்’ என்று மொழிபெயர்த்தால், தீர்ப்பு ஏன் மாறியது என்று படிப்பவருக்குப் புரியவே புரியாது.

ராஷர் வழக்கின் விதிக்குக் ‘குறித்த குற்ற விதி’ என்று பெயரிடலாம்.

——

அப்படியே ஏற்கிறேன். பிடித்துக் கொணர்வு கொஞ்சம் நீளம். ‘பிடிகொணர்வு’ என்று சுருக்கினால் வாயில் சிக்குகிறது, நீளமாகவே இருக்கட்டும்.

இண்டைட்மென்ட் பற்றி ஒரு வரி: நம் ‘குற்றப்பத்திரிகை’ காவல்துறை தாக்கல் செய்வது. இண்டைட்மென்ட் அப்படியல்ல; மயாமியில் நொரியேகாமேல் குற்றம் சாட்டியது பெருநடுவர் குழு (கிராண்ட் ஜூரி). இலங்கைத் தமிழில் உள்ள ‘குற்றப்பகர்வு’ தயாராக இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம்.



ஹெர்னாண்டஸ் பற்றியும் ஒன்று: 45 ஆண்டுத் தண்டனை பெற்ற அவர் 2025 டிசம்பரில் அதிபர் டிரம்ப்பின் மன்னிப்பால் வெளியே வந்துவிட்டார். இதைப் ‘பொதுமன்னிப்பு’ என்று எழுதுவது தவறு. அது ஒரு வகையினர் அனைவருக்கும் சேர்த்துத் தரப்படும் ஆம்னெஸ்டி. தனி ஒருவருக்குத் தரும் பார்டனுக்கு வெறும் ‘மன்னிப்பு’ போதுமா, முன்னொட்டு வேண்டுமா என்று தனி இழையில் பேசலாம்.